ஆகஸ்ட் இதழுக்கான அலறல்

ப்ரூக்ளினில், மூன்றாம் மாடியில்,
டர்பன்டைன் நெடியடிக்கும் அறையில்
இதுவரை முப்பத்தொரு முறை கொலையாகியிருக்கிறேன்.
கத்தி, கயிறு, தேள், உருகிய மெழுகு,
ஒருமுறை செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்த ஏதோ ஒன்று.
அது டோலெஃப்சனின் குளியலறை ரப்பர் குழாய்.

கதை இன்னும் எழுதப்படவில்லை.
இங்கே அட்டைதான் முதலில்.
பிறகு எவனோ ஒருவன்,
சொல்லுக்கு ஒரு சென்ட் கூலிக்கு,
நான் எதற்காக அந்த நிலவறைக்குப் போனேன் என்று
காரணம் கண்டுபிடிப்பான்.
எனக்கும் படித்தால்தான் தெரியும்.
போன மாதம் நான் நீதிபதியின் மகளாம்.

கொலைகாரன் பெயர் கஸ்பாரே.
விடிகாலையில் ஐஸ் சுமப்பவன்.
நாலு தெரு, அறுபது வீடு முடித்து
பதினோரு மணிக்கு மாடியேறி
கறுப்பு அங்கியை மாட்டிக்கொள்வான்.
அவன் விரல் கழுத்தில் பட்டதும்
துள்ளுகிறேனே, அதில் நடிப்பே கிடையாது.
அவ்வளவு குளிர்.
"மன்னிக்கணும், சிஞ்ஞோரினா" என்று
கைகளை அக்குளில் செருகிச் சூடாக்கிக்கொண்டு
மறுபடி நெரிக்க வருவான்.
ஒரு மணிக்கு
கொலைக்கத்தியைத் துடைத்துவிட்டு
அதிலேயே சலாமி நறுக்குவான்.
தடித்த துண்டு எப்போதும் எனக்கு.

அலறு, என்பார் டோலெஃப்சன்.
மூன்று மணி நேரம் யாரால் அலற முடியும்?
ராத்திரி முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்
யார் குரலையோ யார் காதிலோ
செருகிவிட்டு வருகிறேன்.
வாயைத் திறந்தால் கொட்டாவிதான்.
அவர் அதையே வரைந்துகொண்டார்.
பத்து சென்ட் கொடுத்து நாடே வாங்கிப்போகிற
அந்த மரண ஓலம்
என் அரைத் தூக்கம்.

பச்சை உடுப்பு என்னுடையது.
இடது தோளில் கிழிப்பார்.
நான் தைப்பேன்.
அடுத்த மாதம் அதே தையலில் கிழிப்பார்.
பத்திரிகை ஆபீஸிலிருந்து சீட்டு வரும்:
பயம் போதும், தோள் போதவில்லை.
சிவப்பு இன்னும் வேண்டும்,
தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து தெரியவேண்டும்.

கண்ணைப் பற்றி மட்டும்
யாரும் குறை சொன்னதில்லை.
கத்தி வலப்பக்கம் இருக்கும்,
என் பார்வை இடப்பக்கம், கதவின்மேல்.
அது நல்ல உத்தி என்று டோலெஃப்சனுக்குப் பெருமை.
ஸ்க்ராண்டனில் ஒருவன் இருக்கிறான்.
அவன் கையெழுத்து என் விலா எலும்பில் இருக்கிறது.
இந்த முகவரி அவனுக்குத் தெரியாது.
ஆனால் ஒவ்வொரு ரயிலடியிலும்
துணிக்கிளிப்பில்
என் முகம் தொங்குகிறது.

முடியை மாற்றுங்கள் என்று கேட்டேன்.
காரணம் கேட்காமல் மாற்றினார்.
ஜனவரியில் செம்பட்டை, பிப்ரவரியில் கறுப்பு,
ஏப்ரலில் மூக்கையே கொஞ்சம் நிமிர்த்தினார்.
மிஸ் தெக்லா என்று கூப்பிடுவார்,
அதுவும் நான் கொடுத்த பெயர்தான்.

நேற்று சுரங்க ரயிலில், எதிர் இருக்கையில்,
குமாஸ்தா மாதிரி ஒருத்தர்.
ஜூலை இதழ்.
பக்கத்தில் இருந்த கன்னியாஸ்திரீக்குக் கூசி
அட்டையை உள்ளே மடித்திருந்தார்.
ஒரு வளைவில் வண்டி குலுங்க, மடிப்பு விரிந்தது.
அவர் கட்டைவிரல் சரியாக என் குரல்வளையில்.
நான் அதே பச்சை உடுப்பில்,
தோளில் ஏழு தையலோடு,
ஒன்றரை கஜ தூரத்தில்.
நிமிர்ந்தார்.
என்னைப் பார்த்தார்.
நன்றாகவே பார்த்தார்.
என் கால் இடித்ததற்கு அவரே மன்னிப்புக் கேட்டுவிட்டு
மறுபடி குனிந்துகொண்டார்.

கடைசிக்கு இரண்டு மூன்று பக்கம்தான் இருந்தது.
கையைத் தட்டி,
பிழைத்துவிடுகிறாளா என்று கேட்கலாமென
வாயைத் திறந்தேன்.
கொட்டாவி வந்தது.
அதற்குள் என் நிலையமும்.